குப்புறப் படுத்துக் கேட்ட கொலைக்கதை

அன்று நான் ஒரு கால்நடை மருத்துவர் எழுதிய பணி நினைவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நோயில் விழுந்த கோயில் மாட்டின் வயிற்றுக்குள் அவர் கையை விடுகிறார். ஏதோ இரும்பு தட்டுப்படுகிறது. அது என்னவென்று தெரிவதற்குள் வரிகளின் இடது ஓரம் காணாமல் போய்விட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தால் ஜன்னலிலும் ஒரு மூலை இல்லை. யாரோ கறுப்புத் துணியை மெல்ல இழுத்து மூடுவதுபோல் இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, கையிலிருந்த புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

"படிச்சுப் படிச்சே கண்ணைக் கெடுத்துக்கிட்டீக" என்றாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவள் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காரைக்குடியிலேயே கார், வேன் சீட்டுகளுக்கு ரெக்ஸின் தைக்கும் கடை வைத்திருக்கிறான். என்னைவிடப் பத்து வயது இளையவன். எங்கள் கல்யாணத்தின்போது அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். 'அத்தான், அத்தான்' என்று சுற்றி வருவான். நான் 'வாடா மாப்ள' என்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் கல்யாணத்தில் அது நின்றுபோனது. தாய்மாமன் சீரோடு வந்தவன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான். கூட்ஸ் வண்டி நகர மறுத்தது. இங்கே முகூர்த்த நேரம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்பட்டார். தாலி கட்டி முடித்த பிறகுதான் அவன் தட்டுகளோடு மண்டபத்துக்குள் வந்தான். யார் மேலும் தப்பில்லை. ஆனால் தாய்மாமன் இல்லாமல் தாலி ஏறிய கல்யாணம் என்று ஊர் பேசியது அவனுக்குத் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. நானும் 'வாங்க, உக்காருங்க' என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களுக்குள் திடீரென்று மரியாதை கூடினால் அது நல்ல சகுனம் இல்லை.

அன்று அவன் ஒரு வாடிக்கையாளரின் காரிலேயே வந்துவிட்டான். பின்சீட்டுக்கு உறை பாதி தைத்தபடி இருந்தது. பஞ்சு வெளியே தெரிய அதில்தான் நான் மதுரை வரை போனேன். வழி முழுக்க அவன் அக்காவிடம்தான் பேசினான். "தலையை ஆட்டாம வரச் சொல்லுக்கா" என்பான். நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள்: விழித்திரை பிய்ந்திருக்கிறது. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்ததும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து விளக்கினார்.

"கண்ணுக்குள்ள வாயு நிரப்பியிருக்கோம் சார். அது மேல போய் விழித்திரையை அமுக்கிப் பிடிக்கணும். அதுக்கு நீங்க குப்புறப் படுத்திருக்கணும். சாப்பிடும்போது, நடக்கும்போதுகூட தலை குனிஞ்சேதான் இருக்கணும். நான் நிமிரச் சொல்ற வரைக்கும்."

"படிக்கலாமா டாக்டர்? இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு கண்ணு வரி வரியா ஓடினா மத்ததும் கூடவே ஓடும். ரெண்டுக்கும் கொஞ்ச நாள் லீவு விடுங்க. வாயு கரையிற வரைக்கும் விமானத்துல போகாதீங்க, மலை ஏறாதீங்க."

விமானமும் மலையும் எனக்குப் பெரிய இழப்பு இல்லை. நான் பாலிடெக்னிக் வாத்தியார். கல்லூரிக்குப் போய் லேத்தும் கியரும் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு உள்ள ஒரே பயணம் புத்தகம்தான். இன்னதுதான் படிப்பேன் என்ற பிடிவாதம் கிடையாது. காலையில் டவுன் பஸ்ஸில் கொலைக்கதை, மத்தியான இடைவேளையில் துறைமுகங்களும் கப்பல்களும் உருவான வரலாறு, சாயங்காலம் ராஜா காலத்து நாவல். ஆனால் உயிர் என்னவோ தொழில் செய்து ஓய்ந்தவர்கள் எழுதும் நினைவுகளில்தான். நீதிபதி, சமையல்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர், யார் எழுதினாலும் வாங்கிவிடுவேன். எனக்குக் கிடைத்தது ஒரே வேலை. மற்ற வேலைகளையெல்லாம் படித்தாவது பார்த்துவிடலாம் என்று ஓர் ஆசை.

வீட்டில் குப்புறப் படுத்த முதல் நாளே மூக்கு தலையணையில் நசுங்கியது. மறுநாள் மைத்துனன் ஒரு சாமானோடு வந்தான். பழைய கார் சீட்டின் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, நடுவில் முகம் வைக்க ஓட்டை விட்டு, மெரூன் ரெக்ஸினில் தைத்திருந்தான். கட்டில் விளிம்பில் அதைப் பொருத்தினால் முகம் ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கீழே தரை தெரியும். அன்றிலிருந்து மனிதர்களை எனக்குப் பாதங்களாகத்தான் தெரியும். மனைவிக்கு வலது காலில் மெட்டி நழுவும். மைத்துனனின் செருப்பில்லாத கால்களில் பிசின் கறை. அந்தக் கால்கள் சாமானைப் பொருத்திவிட்டு வாசற்படிக்குப் போய் அங்கேயே நின்றன.

"சரியா இருக்கான்னு கேளுக்கா."

"நீயே கேளேன். அவுக வாய்க்கு ஆபரேசன் பண்ணலையே."

"நல்லா இருக்கு" என்றேன் தரையைப் பார்த்து. கால்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

பெங்களூரிலிருந்து மகள் போனில் கதை சொல்லும் குரல் ஒன்றை அனுப்பினாள். கொலை நடந்ததையும் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதுபோலவே அந்தக் குரல் சொன்னது. மனைவி அதை அணைத்தாள். "நான் வாசிக்கிறேன். என்ன வாசிக்கணும்?"

துறைமுக வரலாற்றைக் கேட்டேன். முதல் துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் போடுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். புத்தகம் நழுவி என் கண்முன் தரையில் விழுந்தது. திறந்த பக்கத்தை ஒற்றைக்கண்ணால் ஓரமாகப் பார்த்தேன். அதற்குள் விழித்துக்கொண்டு பிடுங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா திராட்சையோடு பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவளைத் தூங்க வைத்த புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நான் வாசிக்கிறேன். ரொம்ப நாளாச்சு வாய் விட்டு வாசிச்சு" என்றார். அவர் வாசித்தபோது அறையே வகுப்பானது. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினார். மறுநாள் வந்ததும் முதல் வேலையாக, "நேத்து மூணாவது துறைமுகம் எதனால தூர்ந்து போச்சு? சார் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்கம்மா" என்று என் மனைவியைக் கேட்டார்.

"மணல் சேர்ந்து" என்றாள் மனைவி, கரண்டிச் சத்தத்தோடு அடுப்படியிலிருந்து.

"எந்த மணல்?"

"டீச்சர், அடுப்புல குழம்பு இருக்கு."

ராஜா காலத்து நாவலையும் டீச்சர்தான் எடுத்தார். அதில் ஒவ்வொரு குதிரைக்கும் சண்டை வந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஏது இத்தனை குதிரை, எந்தக் கப்பலில் இறங்கியது, யார் தீனி போட்டார்கள் என்று கேட்பார். "கதையில குதிரை வந்தா வந்துட்டுப் போகுது டீச்சர். இளவரசி கிணத்துக்குள்ள கிடக்கா, அவளை முதல்ல வெளிய எடுங்க" என்பாள் மனைவி.

மைத்துனன் தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து ஸ்பாஞ்சு அமுங்கிவிட்டதா என்று பார்ப்பான். பார்த்துவிட்டு வாசற்படியில் நிற்பான். கால்நடை மருத்துவரை வாசித்த அன்றுதான் அந்தக் கால்கள் முதல் முறையாக உள்ளே வந்து ஒரு நாற்காலிக்குக் கீழே நின்றன. மாட்டின் வயிற்றிலிருந்து வந்தது ஒரு பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊர் முழுக்க விசாரிக்கிறார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், குலுங்கக் கூடாது என்று மனைவி என் முதுகை அமுக்கிப் பிடித்தாள்.

அதற்கு அடுத்துத்தான் கொலைக்கதை. காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே கிடந்ததை வாங்கி வைத்திருந்தேன், படிக்கவில்லை. மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். முதலாளி தொழிற்சாலை மாடியில், இலை உலர்த்தும் தட்டுகளுக்கு நடுவே செத்துக் கிடக்கிறார். சந்தேகம் நாலு பேர் மேல்: அவருடைய மனைவி, மேனேஜர், தோட்டத்து டாக்டர், அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் மச்சினன்.

"மலை ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாக. படுத்துக்கிட்டே ஏறுங்க" என்று சொல்லி மனைவி புத்தகத்தை எடுத்தாள். உடனே பக்கங்கள் மொத்தமாகப் புரளும் சத்தம். எனக்குத் தெரியும். கொலைக்கதை என்றால் அவள் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாள். முப்பது வருடங்களாக எங்களுக்குள் இதில் சண்டை உண்டு.

"பாத்துட்டியா?"

"பாத்தாத்தான் எனக்கு நிம்மதியா வாசிக்க வரும். சொல்ல மாட்டேன், பயப்படாதீக."

சொல்லத் தேவையே இல்லை. அவள் முகத்தில் எதுவும் ஒளியாது, குரலிலும் அப்படித்தான். மச்சினன் வருகிற இடங்களில் மட்டும் குரல் ஓர் இழை தணிந்தது. மேனேஜரைச் சத்தமாகவும் டாக்டரை அலட்சியமாகவும் வாசித்தவள் அவனை மட்டும் பூனைமாதிரி தாண்டிப் போனாள். முகத்தைப் பார்க்க முடியாததால் என் காது கூர்மையாகியிருந்தது. இரண்டாம் நாளே அறிவித்தேன்.

"மச்சினன்தான் கொலைகாரன்."

 டீச்சரின் கால் பெருவிரல் மடங்கியது. பிசின் கறைக் கால்கள் அசையாமல் இருந்தன. நான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலி முன்னால் நகர்ந்தது.

"ஏன் அத்தான், மச்சினன்னா கொலைகாரனாத்தான் இருக்கணுமா?"

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்த 'அத்தான்' என் தலைக்கு மேலே எங்கிருந்தோ வந்தது. முகத்தை ஓட்டையிலிருந்து எடுத்து அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எடுக்கக் கூடாது.

"சாட்சி இருக்குடா மாப்ள. தொழிற்சாலை மாடிச் சாவி அவன்கிட்ட இருந்துச்சு."

"சாவி இருந்தா? அந்த வீட்டு வேலை பூராம் அவன்தான பாக்குறான். ஜெனரேட்டர் ரிப்பேர்னா அவன், தங்கச்சி பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடணும்னா அவன். பாவம், அவன் மேலயே பழிய போடுறீக."

"அந்த வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு..."

"பாத்தீகளா டீச்சர், பேச்சு எங்குட்டுப் போகுதுன்னு!"

டீச்சர் சிரித்த சிரிப்பில் மனைவி கையிலிருந்த புத்தகமே கீழே விழுந்தது. அன்றிலிருந்து தினமும் வழக்கு நடந்தது. நான் குற்றம் சாட்டுவேன், அவன் வாதாடுவான். கடையை முன்னதாகவே பூட்டிவிட்டு வந்தான். வாசிப்பு முடிந்த பிறகும் போகமாட்டான். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, அந்த கூட்ஸ் வண்டி எத்தனை நீளம் இருந்தது, வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்கீப்பரிடம் எப்படிக் கெஞ்சினான் என்பதையெல்லாம் அவனே சொன்னான். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. கேட்கீப்பர், "கல்யாணத்துக்கு நானும் வரணும்தான், கேட்டைத் தூக்கிட்டு வர முடியுமா?" என்றாராம். நாங்கள் அதுவரை அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசி அத்தியாயத்தன்று எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். துப்பறிகிறவர் எல்லோரையும் தொழிற்சாலையில் கூட்டுகிறார். மனைவி தண்ணீர் குடித்தாள். கண்ணாடிக் கூடு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தாள். சில வாக்கியங்களில் நடுவே நின்று, "எழுத்து மங்கியிருக்கு" என்றாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் துப்பறிகிறவர் கையை நீட்டுகிறார். டாக்டர் தலை குனிகிறார்.

"டாக்டரா!" என்றார் டீச்சர்.

"நான் சொன்னேனா இல்லையா!" மைத்துனன் கைதட்டினான். "மச்சினன் மேல ஒரு கறையும் இல்ல. அத்தான் தோத்தீக. பிரியாணி வாங்குங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "கொலை நடந்தப்ப டாக்டர் கோயம்புத்தூர்லல்ல இருந்தாரு?"

"அன்னிக்கே திரும்பி வந்துட்டாராம்" என்றாள் மனைவி.

"அப்படி எழுதியிருக்கா?"

"எழுதாமயா வாசிக்கிறேன்?"

எழுதியவருக்கு ஞாபக மறதி என்று முடிவு செய்துகொண்டு, தலை குனிந்தபடியே பிரியாணி சாப்பிட்டேன். சில நாட்களில் மதுரையில் நிமிரச் சொல்லிவிட்டார்கள். முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தபோது கண்ணுக்குள் வாயு ஒரு நீர்மட்டம் போலத் தளும்பியது. அதன் மேல் என் மனைவியும் அவள் தம்பியும் பாதி பாதியாக ஆடினார்கள். இருவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெளியே வந்தது டீச்சரால். அந்தக் கொலைக்கதையை நாச்சியாபுரத்தில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தார். தங்கை படித்துவிட்டுப் போனில் பேசியிருக்கிறார். அக்கா டாக்டர் என்கிறார், தங்கை மச்சினன் என்கிறார். நாற்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்குப் படித்தது நினைவில் நிற்கவில்லையா என்று தங்கை கேட்க, டீச்சர் அடுத்த பஸ்ஸிலேயே நாச்சியாபுரம் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், கடைசிப் பக்கத்தைப் பாருங்க. நான் தங்கச்சிக்கு முன்னாடி தலைகுனிஞ்சுட்டேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நேராகத் திறந்து படித்தேன். துப்பறிகிறவரின் கை மச்சினனை நோக்கித்தான் நீண்டிருந்தது. டாக்டர் உண்மையாகவே கோயம்புத்தூரில்தான் இருந்தார்.

அடுப்படிக்குப் போய் நின்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு அவன் உங்களை அத்தான்னு கூப்பிட்டான். நீங்க மாப்ளன்னீக. அதுக்கப்புறம் போய் அவனைத் தூக்குல போடச் சொல்றீகளா?"

"அத்தனை பக்கத்தையும் நீயாவே மாத்திச் சொன்னியா?"

"முன்னாடி நாள் சாயங்காலமே யோசிச்சு வச்சிருந்தேன். கோயம்புத்தூரைத்தான் மறந்துட்டேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடங்களாக எதையும் மறைக்கத் தெரியாதவள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த பெண். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும்தான். டீச்சர் மட்டும், இது புத்தகத்துக்குச் செய்த துரோகம் என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு, காபி வந்ததும் அமைதியானார். தம்பிக்கு இது தெரியக் கூடாது என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த டீச்சர், அவனைப் பார்த்ததும் முதல் வாக்கியத்திலேயே உடைத்துவிட்டார். அவன் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். ரெண்டாம் நாள் அத்தான் மச்சினன்னு சொன்னாகல்ல, அக்கா டீ போட எந்திரிச்சப்ப நான் கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேயாடா அத்தனை நாள் வாதாடுனே?" என்றேன்.

"பின்ன? நியாயமா பாத்தா அவனுக்கு யாருமே இல்லையே அத்தான். கடைசி நாள் எப்படிப் போய் மாட்டப் போறேன்னுதான் உக்காந்திருந்தேன். பாத்தா அக்கா டாக்டரைக் கொண்டாந்து நிறுத்துறாக. நீங்க குப்புறக் கிடந்தீக, உங்களுக்குத் தெரியல. அக்கா மூஞ்சி வேர்த்து ஊத்துது. ஒரு கண்ணு புத்தகத்துல, ஒரு கண்ணு விட்டத்துல. நான் சிரிச்சிரக் கூடாதேன்னு கையைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"பிரியாணி?"

"சாப்பிட்டது சாப்பிட்டதுதான்."

மனைவி முந்தானையால் அவன் தலையில் அடித்தாள்.

கண் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வரிகள் நடுவில் லேசாக வளைந்து தெரிகின்றன. நீண்ட நேரம் படித்தால் வலிக்கிறது. மெதுவாகப் பழகும் என்கிறார்கள். அதனால் வாரநாளில் நான் கொஞ்சமாகப் படிப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் கூடுகிறோம். இப்போது கடலோரத்தில் கலங்கரை விளக்கம் காத்தவர் ஒருவர் எழுதிய நினைவுகள் ஓடுகின்றன. வாசிப்பது மைத்துனன். வரிக்குக் கீழே விரலை வைத்து நிதானமாகத்தான் வாசிப்பான். ஆனால் புயல் வருகிற இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறான். போன வாரம் விளக்கை மூடியிருந்த கண்ணாடி உடைந்தது. அவர் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு படியேறுகிறார். அதோடு நிறுத்திவிட்டு, கடையில் ஒரு வேன் சீட்டு காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டான். டீச்சர், அது எந்த எண்ணெயில் எரிந்த விளக்கு என்று அவனைத் தெருவரை கேட்டுக்கொண்டே போனார்.